செருப்பு ரப்பரில் ஒரு கல்யாணப் பத்திரிகை

புஷ்பவல்லியைப் பற்றி எழுதுவதென்றால் செருப்பிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அதற்காக அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். கோபித்துக்கொண்டாலும் எனக்கொன்றும் பயமில்லை. ஒன்பது வருஷமாக என் கடையில் என் எதிரே உட்கார்ந்து, தினம் ஒரு சண்டையாவது போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். காலடிப்பேட்டை மார்க்கெட்டுக்குத் திரும்பும் முனையில் எட்டடிக்குப் பத்தடி இடம். ஜெராக்ஸ், லேமினேஷன், டைப்பிங், ரப்பர் ஸ்டாம்ப். போர்டில் ‘நர்மதா ஜெராக்ஸ்’ என்று என் பெயர்தான் இருக்கிறது. ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் தலையை உள்ளே நீட்டி “புஷ்பாக்கா இல்லியா?” என்று கேட்டுவிட்டு, இல்லையென்றால் அப்படியே திரும்பிப் போய்விடுவார்கள். முதலாளி ஒருத்தி குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருப்பது அவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

அவள் நெட்டுக்குப்பத்துக்காரி. எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் குப்பம் அது. புருஷன் வெற்றி மஞ்சள் காமாலையில் போனபோது அவளுக்கு முப்பத்தைந்து வயது. குழந்தை இல்லை. அப்பா அம்மாவும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வீட்டில் அவளும் மாமியார் பூவம்மாவும் மட்டும்தான். ஏதோ சான்றிதழை ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்கு வந்தவள், நான் ஒரு கம்பெனி ஸ்டாம்பைக் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, “யக்கா, கோணையா ஒட்றீங்கோ” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. தள்ளி வைத்துப் பார்த்தால் கோணல்தான். வேலைக்கு வருகிறாயா என்று அங்கேயே கேட்டுவிட்டேன்.

வந்து மூன்றாவது மாதம் என் பிறந்தநாள். காலையில் மேஜைமேல் ஒரு வாழ்த்து அட்டை. முன்பக்கம் சிவப்பு மையில் ஒரு நண்டு, இரண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு சண்டைக்கு நிற்கிறது. உள்ளே, “நர்மதாக்கா, நூறு வருசம் திட்டிகினே இரு” என்று அவள் கையெழுத்து. எனக்கு அழுகை வந்துவிட்டது. என் பிறந்தநாளை என் வீட்டில்கூட யாரும் ஞாபகம் வைத்ததில்லை. அழுது முடித்ததும்தான் கேட்டேன், இந்த நண்டு எங்கிருந்து வந்தது என்று.

“செருப்புக்கா” என்றாள்.

முகத்துவாரத்தில் எந்த ஊர்ச் செருப்பெல்லாமோ கரையொதுங்கும். எல்லாம் ஒற்றைச் செருப்பு. ஜோடியாக ஒன்றுகூட வந்ததில்லை என்று சத்தியம் செய்வாள். அவற்றில் பழைய ஹவாய் செருப்பாகப் பார்த்துப் பொறுக்கி, சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, தேய்ந்த பக்கத்தை உப்புத்தாளில் இழைத்துவிடுவாள். குதிகால் பக்கம்தான் தடிமன், அதுதான் செதுக்க ஏற்றது. ஆயுதம் என்று பார்த்தால் பாதி பிளேடும் உடைந்த குடைக்கம்பியும்தான். கம்பி நுனியைக் கருங்கல்லில் தேய்த்துக் கூராக்கி வைத்திருப்பாள். அதை வைத்து ரப்பரைச் சுரண்டினால் நூல் நூலாக வரும். ஸ்டாம்ப் மை நாலு நிறம் கடையிலேயே இருக்கிறது. அது போதாத இடத்தில் துணிக்கு அடிக்கும் பெயின்ட்டைப் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் தடவி ஒற்றிக்கொள்வாள்.

செருப்பில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சாமி சம்பந்தப்பட்ட எதற்கும் செருப்பு கூடாது. பிள்ளையார் சுழியோ, சூலமோ, ராயபுரத்து அலெக்ஸாண்டர் வருஷா வருஷம் நாற்பது கிறிஸ்துமஸ் கார்டு கேட்பாரே, அதற்கான நட்சத்திரமோ, எதுவானாலும் புது அழிரப்பரைப் பிரித்துத்தான் செதுக்குவாள். “பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க அழிக்கறது, சுத்தமானது” என்பாள். நட்சத்திரத்துக்குக் கீழே ஓர் இறாலையும் வைத்துவிடுவாள். அது செருப்பு இறால். அலெக்ஸாண்டர் முதல் வருஷம் முறைத்தார். அடுத்த வருஷம் இறால் இல்லாமல் அடித்தபோது, “எங்கேம்மா என் இறாலு?” என்று அவரே வந்து நின்றார்.

அப்படியே ஊர் முழுக்கப் பரவியது. அனல்மின் நிலையத்தில் ரிட்டையர் ஆகிறவர்களுக்கு டிபன் கேரியர் படம் போட்டு, “இனிமே சூடா சாப்டு” என்று ஒரு கார்டு. படகுக்குப் புது இன்ஜின் வாங்கியவனுக்கு ஒரு கார்டு. பத்தாவதில் மூன்றாவது தடவை எழுதிப் பாஸான பெண்ணுக்கு மூன்று மீன் வரிசையாக நீந்துகிற கார்டு. கடையில் கிடைக்கிற கார்டில் இருக்கும் ரோஜாப்பூவும் பொன்மொழியும் இவளிடம் கிடைக்காது. யாருக்கு, எதற்கு, அந்த ஆளுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு விசாரணை நடத்திவிட்டுத்தான் பிளேடையே எடுப்பாள். என்னோடு சேர்ந்தும் அவளுக்குப் பொறுமை குறையவில்லை, அதுதான் ஆச்சரியம்.

இப்போது பரசுராமனுக்கு வருகிறேன்.

பரசுராமன் அதே குப்பம். வெற்றியும் அவரும் பதினாலு வருஷம் ஒரே படகில் தொழில் செய்தவர்கள். நாற்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. வெற்றி போன பிறகு கூட்டாளி இல்லாத படகு வேண்டாம் என்று விற்றுவிட்டு, காசிமேட்டில் விசைப்படகில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். போனால் ஒரு வாரம், பத்து நாள் கடலில்தான். நல்ல ஆகிருதி, அதைவிட நல்ல தொப்பை. போன சித்திரையில் அந்த மனிதர் என் கடைக்கு ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். மறுநாளும் வந்தார். கரையில் இருந்த நாளிலெல்லாம் வந்தார். பதினோராவது ஜெராக்ஸை நீட்டியபோது நான், “இன்னாங்க, ஊருக்கெல்லாம் பங்கு போட்டுக் குடுக்கறீங்களா?” என்று கேட்டேவிட்டேன். காது வரைக்கும் சிவந்து போனார்.

அன்று அவர் புஷ்பாவின் மேஜைக்குப் போய் நின்றார்.

“ஒரு கார்டு வோணும்.”

“இன்னா எழுதணும்?” அவள் நிமிரவில்லை.

“கட்டிக்கிறியான்னு எழுது.”

“பேரு?”

“அத்த நீயே போட்டுக்கோ” என்று சொல்லிவிட்டு ஆதார் அட்டையை மறந்து வைத்துவிட்டு ஓடிப்போனார்.

அவள் அந்தக் கார்டைச் செய்தாள். ஒரு கட்டுமரம், பக்கத்திலேயே இன்னொரு கட்டுமரம், மேலே அந்தக் கேள்வி. செய்து, தன் ஸ்டாம்ப் பேடுக்கு அடியில் பத்து நாள் வைத்திருந்தாள். அந்தப் பத்து நாளும் தினம் ஒரு ஸ்டாம்பையாவது கோணலாக ஒட்டினாள் என்றால் என் சந்தோஷத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பதினோராவது நாள் அவர் கடலிலிருந்து வந்து நின்றதும், கார்டின் உட்பக்கம் “சரி” என்று எழுதி, ஆதார் அட்டையோடு சேர்த்துக் கையில் கொடுத்தாள்.

குப்பத்தில் பெரிய எதிர்ப்பு ஒன்றும் கிளம்பவில்லை. இரண்டு பேர் முணுமுணுத்தார்கள், இருபது பேர் சந்தோஷப்பட்டார்கள். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மன் கோயிலில் தாலி என்று ஊர்த் தலைவர் பொன்னுரங்கமே நாள் குறித்துக் கொடுத்தார். எதிர்த்தது பூவம்மா ஒருத்திதான். எதிர்த்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. கத்தியிருந்தால் புஷ்பாவும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், அதோடு முடிந்திருக்கும். பூவம்மா கத்தாமல் துணியை மூட்டை கட்டினாள்.

“நீ பண்ணிக்கோ. வோணான்னு சொல்ல நா யாரு? எம்புள்ள பேர சொல்ல இந்த வூட்ல நீ ஒர்த்தி இருந்த. இனிமே அதுவும் இல்ல. என்ன மட்டும் கூப்டாத” என்று சொல்லிவிட்டு, காசிமேட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கேயே மீன் விற்க உட்கார்ந்துவிட்டாள்.

புஷ்பா இரண்டு தடவை போய்க் கூப்பிட்டாள். இரண்டு தடவையும் பூவம்மா எதிரில் நிற்பவள் யாரென்றே தெரியாத மாதிரி, “இன்னா மீனு வோணும்?” என்று கேட்டிருக்கிறாள். இரண்டாவது தடவை திரும்பி வந்த புஷ்பா என்னிடம் சொன்னாள்: “யக்கா, கெழவி வரலைன்னா நா மணைல குந்தமாட்டேன். எனுக்கு அம்மா இல்ல, அப்பன் இல்ல. ஒம்போது வருசம் ஒரே தட்டுல துன்னோம். அவ இல்லாத கல்யாணம் எனுக்கு வோணாம்.”

பரசுராமனிடமும் அதையே சொன்னாள். “நாப்பத்தெட்டு வருசம் இர்ந்துட்டேன், இன்னும் கொஞ்சம் இர்க்க முடியாதா?” என்றார் அவர். ஆனால் அன்று தேநீர் குடிக்காமலே போய்விட்டார். பாவமாக இருந்தது.

கிழவி எப்படியும் வந்துவிடுவாள் என்ற நம்பிக்கையில் கல்யாண வேலையை நிறுத்தவில்லை. பத்திரிகையை அச்சகத்தில் கொடுக்கலாம் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். இருநூற்றைம்பது அட்டை, எல்லாம் கையால்தான் என்றாள். எழுத்துப் பகுதியை மட்டும் நான் வழக்கமான ஸ்டாம்பாகச் செய்து கொடுத்தேன். ‘தங்கள் வரவை விரும்பும்’ என்பதற்குக் கீழே யார் பெயர் என்று கேட்டேன்.

“பூவம்மான்னு போடுக்கா.”

“கேக்காம போடறியேடி?”

“என் வூட்ல வேற யாரு கீறாங்கோ?”

போட்டுவிட்டேன்.

படத்துக்கு அவள் எடுத்தது ஒரு புதுச் செருப்பு. கரையொதுங்கியது இல்லை, கடையில் வாங்கியது. பரசுராமன் படகின் முனையில் நின்று வீச்சுவலை வீசுகிற மாதிரி. தலையில் துண்டு, முன்னால் விரிந்து போகிற வலை, வீசிய கை நீட்டியபடி. ஒன்பது வருஷத்தில் அவள் மனுஷ உருவம் செதுக்கியதே இல்லை. நண்டு, மீன், இறால், சங்கு, பூ, இவ்வளவுதான். இரண்டு நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு செதுக்கினாள். முதல் அச்சை ஒற்றி எடுத்தபோது நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். இரண்டு பேரும் தொப்பையைத்தான் பார்த்தோம். ஒரே ஒரு வளைவுக் கோட்டில் அந்த மனிதரின் தொப்பையை அப்படியே கொண்டுவந்துவிட்டாள். நான் கைதட்டிச் சிரித்தேன். என் வாயிலிருந்து பாராட்டு வருவது அபூர்வம். அன்று வந்தது.

மூன்று நாள் ஜெராக்ஸ் மிஷினை நிறுத்திவிட்டோம். கடைக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, துணி கிளிப்பில் அட்டைகளை மாட்டிக் காயவைத்தோம். வந்தவர்கள் குனிந்து குனிந்து உள்ளே வந்தார்கள். நீல மையில் இருநூற்றைம்பது பரசுராமன்கள் தலைக்கு மேல் வலை வீசிக்கொண்டிருந்தார்கள். அசல் பரசுராமன் அப்போது கடலில்.

அவர்கள் வழக்கப்படி முதல் பத்திரிகை அம்மனுக்கு. இரண்டாவது வீட்டுப் பெரியவருக்கு. அதை வைத்த பிறகுதான் ஊருக்கு வைக்க வேண்டும். நேரில் போய் மூன்றாவது தடவையும் “இன்னா மீனு வோணும்” கேட்க புஷ்பாவுக்கு தைரியம் இல்லை. என்னை அனுப்பினாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பத்திரிகை எல்லாம் தட்டில் வைத்துக் காசிமேட்டில் பூவம்மா முன்னால் நீட்டினேன். அவள் பிரித்துப் பார்க்கவில்லை. “வெச்சுட்டுப் போ” என்றாள். வைத்துவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலமே நாங்கள் இரண்டு பேரும் நெட்டுக்குப்பத்தில் வீடு வீடாக ஏறினோம். முதல் வீட்டில் வாங்கிப் பார்த்தவள் கண்ணைச் சுருக்கினாள். அட்டையைத் திருப்பினாள், மறுபடியும் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் சர்க்கரை கொடுத்தாள். இரண்டாவது வீட்டில் புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். மூன்றாவது வீட்டில் ஒருத்தி, “நல்ல மனசு உனுக்கு” என்று புஷ்பாவின் கன்னத்தைத் தொட்டாள். எதற்கு நல்ல மனசு என்று எங்களுக்குப் புரியவில்லை. அறுபத்தெட்டு வீடு இப்படியே போனது. கடைசியில் தலைவர் பொன்னுரங்கம் வீடு. அவர் வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். அட்டையைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“இன்னாம்மா இது? வெற்றிய போட்டுகீற?”

புஷ்பா சிரித்தாள். “இன்னா மாமா வெளையாடறீங்கோ. அவர் இது, பரசுராமன்.”

“பரசுராமன் எந்தக் கைல வல வீசுவான்?”

“சோத்தாங்கைல.”

“இவன் எந்தக் கைல வீசறான்?”

புஷ்பா அட்டையை வாங்கிப் பார்த்தாள். தன் வலது கையை நீட்டிப் பார்த்தாள். இடது கையை நீட்டிப் பார்த்தாள். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

காலடிப்பேட்டைக்காரியான எனக்கு ஒன்றும் புரியவில்லை. பொன்னுரங்கம்தான் விளக்கினார். அந்தக் குப்பத்தில் பீச்சாங்கையால் வலை வீசியவன் ஒரே ஒருவன், வெற்றி. சின்ன வயதில் தொழில் பழகும்போது எல்லோரும் அவனைக் கை மாற்றச் சொல்லி அடித்திருக்கிறார்கள். இடக்கையால் வீசினால் மீன் விழாது என்று ஒரு பேச்சு. பூவம்மா கரையிலிருந்து படகுக் கழியைத் தூக்கிக்கொண்டு வந்து, “அவன் கை, அவன் வல. எவனாவது எம்புள்ள கைய தொட்டீங்கோ, மண்ட பொளந்துடும்” என்று நின்றிருக்கிறாள். அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. பிற்பாடு வலக்கைப் பரசுராமனும் இடக்கை வெற்றியும் ஒரே படகில் சேர்ந்தபோது ஊரே பார்த்துப் பொறாமைப்பட்டதாம். ஒரே நேரத்தில் ஒருவன் இந்தப் பக்கம் வீசுவான், மற்றவன் அந்தப் பக்கம் வீசுவான், வலையோடு வலை சிக்காது.

தப்பு நடந்தது ரப்பரில். அச்சு குத்தினால் எல்லாம் இடம் வலம் மாறிவிழும் என்பது ஸ்டாம்ப் தொழிலின் அரிச்சுவடி. எழுத்தையெல்லாம் நான் மிஷினில் திருப்பிப் போட்டுவிடுவேன். புஷ்பா செதுக்கியது நண்டும் மீனும். நண்டுக்கு ஏது இடம் வலம்? மீன் எந்தப் பக்கம் பார்த்து நீந்தினால் யாருக்கு என்ன? அந்தப் பழக்கத்தில் பரசுராமனையும் ரப்பரில் நேராகவே வரைந்துவிட்டாள். இரண்டாவது கல்யாணப் பத்திரிகையில் முதல் புருஷன் வந்து நின்றுகொண்டான்.

வாங்கியவர்களிடம் வேறு பத்திரிகை கொடுத்துவிடலாம், வேறு செருப்பு கிடைக்காதா என்றேன். அவள் அழுதுகொண்டே கேட்டாள்: “பூவம்மா கைக்குப் போனது?”

அதை நான் மறந்தே போயிருந்தேன். காலையில் என் கையால் கொடுத்தது.

எனக்கு ஒரு யோசனை வந்தது. உடனே சொல்லிவிட்டேன். எனக்கு எதையும் மனசுக்குள் வைக்கத் தெரியாது. “சும்மா இரு. ஊர்ல எல்லாரும் நீ வேணும்னே போட்டதாத்தான் நெனச்சிருக்காங்க. அதான் நல்ல மனசுன்றாங்க. கெழவியும் அப்படியே நெனைக்கட்டும். எம்புள்ளையை மறக்கலன்னு உருகி வந்துடும். உனக்கு வேண்டியது அவ வரணும், அவ்ளோதானே?”

புஷ்பா மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “பொய்ய சொல்லி அவள கூப்ட்டுகினு வந்து மணைல குந்தினா, தெனம் அவ மூஞ்ச பாக்கறது நானு. நீ இல்ல.”

எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது.

மறுநாள் காலை காசிமேட்டுக்குப் போனோம். அன்றைக்கென்று பரசுராமனின் விசைப்படகு கரைக்கு வந்திருந்தது. ஐஸ் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவரிடம் புஷ்பா பத்திரிகையை நீட்டினாள். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். பார்த்தார். எந்த மாப்பிள்ளைக்குத்தான் பொறுக்கும்? அவர் முதலில் தொப்பையைப் பார்த்துத் தன் தொப்பையைத் தடவிக்கொண்டார். பிறகு அந்தக் கையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சட்டென்று சிரித்தார், கண்ணில் நீர் கொட்டக் கொட்டச் சிரித்தார்.

“டேய் தோஸ்து, என் கல்யாணத்துல கூட நீதான் முன்னாடி நிக்கறியா!” என்று அட்டையைப் பார்த்துச் சொன்னார். பிறகு புஷ்பாவிடம், “இத்த மாத்தாத. இர்க்கட்டும். நா பாட்டுக்கு அவனாண்ட பேசிக்குவேன்” என்றார். கூட வருகிறேன் என்றவரை அவள் வேண்டாம் என்று நிறுத்திவிட்டாள். இது அவளுக்கும் பூவம்மாவுக்கும் நடுவில் உள்ளது.

பூவம்மா மீன் வரிசையில் மூன்றாவது ஆள். அருவாமனையில் உட்கார்ந்து ஒரு பெரிய சங்கரா மீனைச் செதில் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மதி என்கிற மீன்காரி, இவளைவிட இரண்டு மடங்கு சத்தமாகக் கூவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பூவம்மா கேட்டாள், “இன்னா, ரெண்டு பேரா வந்துகீறீங்கோ? ஒர்த்தி பத்தலியா?”

இன்னா மீனு வோணும் என்று கேட்கவில்லை. அதை நான் கவனித்தேன்.

புஷ்பா நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். “அத்தே, பத்திரிகைல கீறது உம்புள்ள இல்ல. நா பரசுராமனத்தான் செதுக்குனேன். ரப்பர்ல நேரா வரஞ்சிட்டேன், அச்சுல கை மாறிப் பூட்ச்சி. நா வேணும்னு பண்ணல. உன்ன வரவைக்க தந்தரம் பண்ணேன்னு நெனைக்காத. உன்ன நோகடிக்கப் பண்ணேன்னும் நெனைக்காத. தப்பு, அவ்ளோதான்.”

பூவம்மா செதிலை உரித்து முடித்தாள். மீனைக் கழுவித் தட்டில் போட்டாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். அதற்குள் நாலாக மடித்த பத்திரிகை இருந்தது. பிரித்து, படத்தின் வயிற்றில் நகத்தை வைத்தாள்.

“இது இன்னா?”

“தொப்ப” என்றாள் புஷ்பா.

“எம்புள்ளைக்கு ஏதுடி தொப்ப? வெலா எலும்ப எண்ணலாம் அவனுக்கு. பாத்த ஒடனே தெரிஞ்சிட்ச்சி, இது அந்தப் பரசுராமன்தான், நீ கைய மாத்தி வெச்சிட்டேன்னு. எனுக்கு இன்னா கண்ணு அவிஞ்சா பூட்ச்சி?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் யோசனையைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

“தெரிஞ்சிமா மடிச்சி வெச்சிகினுகீற?” என்று புஷ்பா கேட்டாள்.

பூவம்மா பத்திரிகையைத் திரும்ப மடித்தாள். குரல் கொஞ்சம் இறங்கித்தான் வந்தது. “இத்த எத்தினி வாட்டி குத்துன?”

“இர்நூத்தம்பது.”

“இர்நூத்தம்பது வாட்டி. குப்பத்துல பொறந்தவ நீ. வேற எவளா இர்ந்தாலும் மொத அச்சுலயே கை தப்புன்னு கண்டுபுடிச்சிருப்பா. உனுக்குத் தெரியல. ஏன்னா உன் கண்ணுக்கு ஆம்பள வல வீசறதுன்னா அது எம்புள்ள வீசறதுதான். வேணும்னு அவன போட்டிருந்தீன்னா, என்ன தாஜா பண்றான்னு தூக்கிப் போட்டிருப்பேன். நீ மறந்துபோயி பண்ணதுல கூட அவன் வந்து நின்னுகினுகீறான் பாரு. இதுக்கு மேல எனுக்கு இன்னா வோணும்? நேத்துலேர்ந்து எனுக்கு சந்தோசம் தாங்கல. யாராண்ட சொல்றதுன்னு தெரியாம குந்திகினுகீறேன்.”

புஷ்பா அந்த மீன் தண்ணீரிலேயே மண்டியிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். பூவம்மா, “ஏய், கலீஜ் ஆவும்டி, புடவ கலீஜ் ஆவும்” என்று சொல்லிக்கொண்டே, செதில் ஒட்டிய கையால் அவள் முதுகைத் தட்டினாள். எனக்கும் அழுகையாக வந்தது. மதி கூவுவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிறிது நேரம் கழித்து பூவம்மா அவளை விலக்கி, “மீதி எத்தன கீது?” என்றாள். நூற்று எண்பது இருக்கும் என்றேன், பை என் தோளில்தான் இருந்தது. “குடு” என்று கட்டாக வாங்கிக்கொண்டாள். அருவாமனையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். குடத்துத் தண்ணீரில் கையைக் கழுவினாள், முகத்தையும் கழுவினாள், கொண்டையை அவிழ்த்து முடிந்தாள். மேலே இருந்த ஒரு பத்திரிகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மதி முன்னால் போய் நின்றாள்.

“கத்திய கீழ வெய்யி. கைய தொடச்சிக்கோ. வர்ற ஞாயித்துக்கெழம எம்பொண்ணுக்குக் கல்யாணம். குடும்பத்தோட வந்துடணும்.”

மதிக்கு ஒன்றும் புரியவில்லை. “உனுக்கு ஏது பூவம்மா பொண்ணு? ஒரே புள்ளன்னு சொல்லிகினு இர்ந்த?”

பூவம்மா திரும்பி, மீன் தண்ணீரில் நனைந்த புடவையோடு நின்றவளைக் கை நீட்டிக் காட்டினாள்.

“தோ, அழுதுகினு நிக்கறா பாரு.”